மாசிப் பனியும் குளத்து மட்டமும்: வன்னியில் படம் எடுக்க வெளிக்கிடுறவைக்கு

#1 அலைகரை

தை, மாசியில வன்னிக் குளங்களைப் படம் எடுக்கவெண்டு நிறையப் பேர் வெளிக்கிடினம். முதல் கேள்வி எப்பவும் "விடிய எத்தினை மணிக்கு நிக்கோணும்?" எண்டதுதான். அதுக்குப் பதில் ஒரு வரி. அந்த நாட்களில இஞ்சை சூரியன் 6.25, 6.30 அளவில எழும்பும், 5.40க்கு இடத்தில நில்லுங்கோ. அதுக்கு முந்திக் கேட்கவேண்டியது வேறை: குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை எடுங்கோ. முழுக்கொள்ளளவு 36 அடி. நிரம்பி நிக்கேக்கை தண்ணி குளக்கட்டின்ர கல்லில முட்டிக்கொண்டு நிக்கும். அலைகரை (தண்ணி ஏறி இறங்கிற குளத்தோரம்) முழுக்கத் தண்ணிக்கடியில. முன்னணியில வைக்க ஒரு கல்லோ புல்லோ கிடையாது. ஆனால் காத்தில்லாத விடியலில பிம்பம் கண்ணாடி மாதிரி விழும். அப்ப கட்டில நிண்டு, நீட்டு லென்ஸால, தண்ணிக்குள்ள நிக்கிற பட்டமரங்களை எடுக்கிறதுதான் புத்தி. வான் (மிகுதித் தண்ணி வழிஞ்சோடுற இடம்) பாயிற நாளெண்டால் வான் பக்கம் தண்ணி கலங்கி ஓடும், அங்கை பிம்பத்தை மறந்துபோட்டுத் துருசு (தண்ணி திறந்துவிடுற மதகு) பக்கமோ கட்டின்ர மற்றத் தொங்கலோ போங்கோ.

மூண்டு நாலு அடி இறங்கின உடனை எல்லாம் மாறும். அலைகரை வெளிக்கும், சேத்துத் தரை தெரியும், கொக்கும் நாரையும் வந்து நிறையும். ஆழத் தண்ணியில நீர்க்காகமும் கூழைக்கடாவும் நிக்கும். கால் நீண்டதுகளுக்கு முழங்கால் தண்ணிதான் வேணும். பனி வாற மாசத்தில பெரிய குளங்கள் பெரும்பாலும் நிரம்பித்தான் நிக்கும். பறவை வேணுமெண்டால் அந்த நேரம் ஆழம் குறைஞ்ச மன்னார்க் கட்டுக்கரைக்குளம், ஊர்ச் சின்னக் குளங்கள், களப்பு ஓரங்கள். பனியும் பிம்பமும் வேணுமெண்டால் பெரிய குளம். ரெண்டையும் ஒரே விடியலில ஒரே இடத்தில தேடினால் ரெண்டும் கிடையாது.

மட்டம் பாக்கிறது கஷ்டமில்லை. துருசுக்குப் பக்கத்தில அடிக்கணக்கு எழுதின அளவுகோல் நிக்கும். மழைக்காலத்தில மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவும் குளங்களின்ர மட்டத்தை அறிவிக்கும். இன்னொரு வழி பட்டமரம். அடியில ஒரு கறை வளையம் இருக்கும், அதுதான் முழுமட்டம். தண்ணி அந்த வளையத்துக்கு எவ்வளவு கீழ நிக்குதெண்டு பாத்தால் அலைகரை எவ்வளவு தூரம் திறந்திருக்குமெண்டு தூரத்தில இருந்தே சொல்லலாம்.

லென்ஸ், பனி, பாதுகாப்பு, குழுவில சேருறது பற்றித் தெரிஞ்சவை கீழ எழுதுங்கோ. சொந்தக் கதை வேண்டாம், விபரம் போதும்.

#2 மருதநிழல்

பனி வருமா வராதா எண்டதை முதல் நாள் பின்னேரமே ஓரளவு சொல்லலாம். நாலு விஷயம் பாக்கோணும்.

முதல் ரெண்டு மூண்டு நாளுக்குள்ள மழை பெய்து தரை ஈரமா இருக்கோணும். இரவு வானம் துப்புரவாகத் திறந்திருக்கோணும். காத்து மணிக்கு 5 கிலோமீற்றருக்குக் குறைய. விடிய 4 மணிக்கு வெப்பநிலையும் பனிபடுநிலையும் (காத்தின்ர ஈரம் தண்ணியாகத் தொடங்கிற வெப்பநிலை) 2 பாகைக்குள்ள கிட்டக் கிட்ட இருக்கோணும். வானிலைச் செயலிகளில ரெண்டு எண்ணும் இருக்கு, ஒருத்தரும் ரெண்டாவதைப் பாக்கிறதில்லை. வங்காள விரிகுடாவில தாழமுக்கம் ஒண்டு நிண்டு மேல முகில் மூடிக் கிடந்தால் படுத்து நித்திரை கொள்ளுங்கோ. முகில் போர்வை மாதிரி, தரையின்ர சூட்டை விடாது, பனி இறங்காது.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" எண்டு சொல்லுறது சும்மா இல்லை. மழை விலகி வானம் திறக்கிற காலம் அதுதான்.

இன்னொண்டு. இஞ்சை ரெண்டு விதமான புகார் (பனிமூட்டம்) இருக்கு, ரெண்டும் ஒண்டில்லை. கட்டுக்குக் கீழ வயல்வெளியில படியிறது தரை குளிர்ந்து வாற மூட்டம். தட்டையா, பாய் விரிச்ச மாதிரி, பனையின்ர அரைவாசி உயரத்தில வெட்டின கோடு போல நிக்கும். குளத்து முகத்தில எழும்புறது ஆவி. பகல் முழுக்கச் சூடு குடிச்ச தண்ணி இரவில தரையளவு வேகமாகக் குளிராது. குளிர்காத்து அதுக்கு மேல வரேக்கை திரி திரியா எழும்பும், மெல்ல நகரும். வயல் மூட்டத்தைப் பக்க வெளிச்சத்தில எடுங்கோ. ஆவியை எதிர் வெளிச்சத்தில எடுங்கோ, இல்லாட்டி அது தெரியவே தெரியாது.

இரணைமடுக் கட்டில தெற்கே தண்ணியைப் பாத்து நிண்டால், தை நடுவில சூரியன் நேர் கிழக்கில எழும்பாது, தெற்குப் பக்கமா 21 பாகை அளவு தள்ளி, உங்கடை இடக்கைப் பக்கம் தண்ணிக்கு மேல வரும். ஆவிக்கு வேண்டிய எதிர் வெளிச்சம் அங்கை இருக்கு. திரும்பி வடக்கே பாத்தால் வயல், அதுக்குப் பக்க வெளிச்சம். கட்டில ஒரே இடத்தில நிண்டு ரெண்டையும் எடுக்கலாம். சூரியன் எழும்பி அரை மணித்தியாலம்தான் நல்ல நேரம். 7.30க்குப் பிறகு பெரும்பாலும் வெறும் வெள்ளை வெளிச்சம்.

#3 புதுக்கமரா

பனியில எடுத்த படம் எல்லாம் அழுக்குச் சாம்பலா வருது. கண்ணுக்கு வெள்ளையாத் தெரியுது, கமராவில இல்லை. கமரா பிழையோ?

#4 விளிம்பு

கமரா பிழையில்லைத் தம்பி, அதின்ர கணக்கு அப்பிடி. ஒளிமானிக்கு எதைக் காட்டினாலும் நடுச் சாம்பல், 18% எண்டுதான் நினைக்கும். முழுக்க வெள்ளையைக் காட்டினால் அதையும் சாம்பலுக்கு இழுக்கும். பனிப்புகாருக்கு ஒளித்திருத்தத்தை +0.7 தொடக்கம் +1 வரை கூட்டுங்கோ. ஹிஸ்டோகிராம் (கமரா காட்டுற வெளிச்ச வரைபு) வலப்பக்க மூண்டில ஒரு பங்குக்குள்ள குவிஞ்சு நிக்கோணும், வலது சுவரில முட்டக்கூடாது. சூரியன் சட்டத்துக்குள்ள வந்தால் அந்தக் கணக்கு உடையும். அப்ப மனுவலுக்குப் போய், சூரியனுக்குப் பக்கத்து வானத்தை அளந்து பூட்டுங்கோ.

போனில எடுக்கிறதெண்டால் திரையில விரலை அழுத்திப் பிடிச்சு, வாற சூரியக் குறியை மேல இழுங்கோ, அதே வேலைதான்.

சூரியன் எழும்ப முந்தி, 5.50 தொடக்கம் 6.20 வரை: ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100 அல்லது 200, எஃப் (லென்ஸ் துளை) 8 தொடக்கம் 11, ஷட்டர் (திறந்திருக்கிற நேரம்) 1 தொடக்கம் 8 செக்கன் வரை போகும். ட்ரைபொட் கட்டாயம். லென்ஸில இருக்கிற அசைவு தடுப்பை நிற்பாட்டுங்கோ, அது ட்ரைபொட்டில இருக்கேக்கை தானே அசைவைத் தேடி ஆடக்கூடும். 2 செக்கன் ரைமர் வையுங்கோ. கட்டால ஒரு மோட்டார் சைக்கிள் போனாலே நிலம் அதிரும், அது போய் முடியும்வரை விரலை எடுத்து வையுங்கோ.

ஓட்டோ ஃபோகஸ் புகாரில பிடிக்காது, முன்னும் பின்னும் ஓடும். பிடிக்க அதுக்கு ஒரு விளிம்பு வேணும். பட்டமரத்தின்ர கரையில வையுங்கோ. அதுவும் இல்லையெண்டால் லைவ் வியூவை 10 மடங்கு பெரிசாக்கிக் கையால திருப்பிப்போட்டு அதிலேயே விடுங்கோ.

வெள்ளைச் சமநிலையை ஓட்டோவில விடாதேங்கோ. விடியலின்ர நீலத்தை அது "பிழை" எண்டு நினைச்சுத் துடைச்சுப்போடும். 5200 கெல்வினில பூட்டுங்கோ. ரோ (கமரா திருத்தாத மூலக்) கோப்பில எடுத்தால் பிறகு மாத்தலாம், எண்டாலும் இடத்தில நிண்டு பாக்கேக்கை சரியான நிறம் தெரிஞ்சால்தான் சரியா முடிவெடுக்க ஏலும்.

#5 கூழைக்கடா

பறவைக்கு வேறை எண். ஷட்டர் நிக்கிறதுக்கு 1/500 செக்கன், பறக்கிறதுக்கு 1/2000. விடியலில அவ்வளவு வெளிச்சம் இராது, ஐஎஸ்ஓ 3200, 6400 எண்டு போகத்தான் செய்யும். மணல் மணலா வாறது பரவாயில்லை, அசைஞ்சு வாறதைத் திருத்த ஏலாது.

கண் மட்டத்துக்கு இறங்கி எடுங்கோ. கட்டில நிண்டு கீழ பாத்து எடுத்தால் பின்னணி முழுக்கச் சேறு. அலைகரையில குந்தி அல்லது படுத்து எடுத்தால் பின்னணி தூரத் தண்ணி, கரைஞ்சு போகும். ஆக்காட்டியைக் கவனியுங்கோ. அது கத்தத் தொடங்கினால் அந்தக் கரையில உள்ள எல்லாத்துக்கும் நீங்கள் வந்தது தெரிஞ்சுபோச்சு. அசையாமல் 15, 20 நிமிசம் இருங்கோ. பூநாரைக்குக் கிட்டப் போகவே வேண்டாம். கூட்டத்தில தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில நிமிர்ந்தால் அதுதான் எல்லை, அதுக்குமேல ஒரு அடி வைச்சால் கூட்டம் எழும்பும். எழும்பிற ஒவ்வொரு தரமும் அதுகளின்ர தீனிநேரம் போகுது. தானா எழும்பும்வரை பாத்திருந்து எடுக்கிற படம்தான் படம்.

#6 புதுக்கமரா

நன்றி அண்ணை. புகார் படத்தைக் கணினியில போட்டு டீஹேஸ் (புகாரைக் குறைக்கிற திருத்தம்) இழுத்தால் தெளிவா வருதே, அது பிழையோ?

#7 விளிம்பு

புகாரை எடுக்கப் போய், புகாரைத் துடைக்கிறதெண்டால் மத்தியானம் போயிருக்கலாமே. +10க்கு மேல தொடாதேங்கோ. தூர அடுக்கு வெளிறித்தான் இருக்கோணும், கிட்ட நிக்கிற மரம் கறுத்திருக்கோணும். அந்த வித்தியாசம்தான் ஆழம். வேணுமெண்டால் கிட்ட மரத்துக்கு மட்டும் கொஞ்சம் கறுப்பை இறக்குங்கோ.

#8 சிரட்டை

கருவிப் பராமரிப்புப் பற்றி எழுதுறன், இதில கை விட்டால் லென்ஸ் போகும்.

பனி நேரத்தில முன் கண்ணாடியில ஈரம் படியிறது ரெண்டு காரணத்தால. ஒண்டு, ஏசி அறையில அல்லது ஏசி வானில இருந்த குளிர்ந்த கமராவை ஈரக்காத்துக்குள்ள எடுக்கிறது. உடனை வெள்ளையா மூடும். துடைச்சால் திரும்ப மூடும், தூசி இருந்தால் கீறலும் விழும். பையைத் திறக்காமல் 30, 40 நிமிசம் வெளியில வைச்சிருங்கோ, கண்ணாடி காத்தின்ர சூட்டுக்கு வரட்டும். வானில வாறவை கடைசி அரை மணித்தியாலம் ஏசியை நிற்பாட்டுங்கோ. ரெண்டாவது, திறந்த வானத்துக்குக் கீழ மணிக்கணக்கா நிக்கிற கமரா சூட்டை இழந்து காத்தையும்விடக் குளிர்ந்துபோகும். அதிலதான் புல்லில படியிற மாதிரி லென்ஸிலும் பனி படியும். ஹூட் போடுங்கோ, எடுக்காத நேரம் மூடியைப் போட்டு லென்ஸைக் கீழ பாக்க விடுங்கோ. நட்சத்திரம் எடுக்கிறவை பாவிக்கிற யூஎஸ்பி சூட்டுப் பட்டி ஒண்டை லென்ஸில சுத்தி, பவர் பாங்கில கொழுவினால் முழு இரவும் கவலையில்லை.

வீட்டில: மாரியில வன்னிக் காத்தின்ர ஈரப்பதனில லென்ஸுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும், சிலந்திவலை மாதிரி. காத்துப் போகாத மூடி உள்ள 10, 15 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளுக்கு 200, 250 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதன்மானி. எண் 40க்கும் 50க்கும் இடையில நிக்கோணும். 60 தாண்டினால் பூஞ்சணம், 35க்குக் கீழ போனால் றபரும் எண்ணெயும் காயும். ஜெல்லின்ர நிறம் மாறினால் அவணில 110, 120 பாகையில 2 மணித்தியாலம் காய வையுங்கோ. செம்மஞ்சள் நிற ஜெல் பச்சையாகும், நீல ஜெல் இளஞ்சிவப்பாகும். நீலத்தில கோபால்ட் குளோரைட் இருக்கு, அதைச் சமைக்கிற தாச்சியில போட்டு வறுக்காதேங்கோ.

அரிசிக்குள்ள கமராவைப் புதைக்கிறது வேண்டாம். அரிசித் தூள் பொத்தானுக்குள்ள போய் இறுகும்.

ட்ரைபொட்: குளத்துச் சேத்தில கால் ஒண்டொண்டாத் தாழும், நீங்கள் பாக்காத நேரம் சட்டம் சரியும். காலுக்கு ஒண்டாச் சிரட்டை மூண்டு கொண்டு போங்கோ. சுண்டிக்குளம், கொக்கிளாய் மாதிரி உப்புத்தண்ணியில வைச்சால், அண்டைக்கே பூட்டுகளைக் கழட்டி நல்ல தண்ணியில கழுவிக் காய விடுங்கோ. ஒரு கிழமை விட்டால் உப்புப் பூத்து பிறகு திருகேலாது.

#9 பனிக்கரை

ஒன்ராறியோவில இருந்து எழுதுறன். இஞ்சை பனி எண்டால் வேறை சாமான், ஆனால் அலைகரை சொன்ன "முதல் மட்டம்" எண்டது உறைஞ்ச வாவிக்கும் அப்பிடியே பொருந்தும். இஞ்சை வந்த எங்கடை ஆக்கள் பலர் குளிர்காலத்தில வாவிப்படம் எடுக்கத் தொடங்கியிருக்கினம், அவைக்காக.

தண்ணி 4 பாகையிலதான் ஆகப் பாரம். அதுக்குக் கீழ குளிர்ந்த தண்ணி பாரம் குறைஞ்சு மேல நிக்கும், அதாலதான் வாவி மேல இருந்து உறையுது, அடியில மீன் சீவிக்குது. வன்னியில விடியப்புறம் 20 பாகை எண்டாலே நடுங்குவினம், அங்கை உறையிற கதையே இல்லை.

படத்துக்குப் பேர்போன உறைஞ்ச வாவி அல்பேர்ட்டாவில இருக்கிற ஏப்ரஹாம் வாவி. அது இயற்கை வாவியே இல்லை. வடக்கு சஸ்காச்சுவான் ஆத்தை 1972இல பிக்ஹோர்ன் அணை கட்டி மறிச்சு வந்த நீர்த்தேக்கம், எங்கடை குளம் மாதிரித்தான். அடியில அழுகிற தாவரத்தில இருந்து வாற மீத்தேன் குமிழ்கள் மேல வரேக்கை பனிக்கட்டியில அகப்பட்டு, வெள்ளைத் தட்டுகளை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கின மாதிரி நிக்கும். பள்ளத்தாக்குக் காத்து வெண்பனியைக் கூட்டித் தள்ளிவிடும், அதால கட்டி கண்ணாடியாத் தெரியும். தை தொடக்கம் மாசி நடு வரை நல்ல காலம். ஆபத்தும் அதே இடத்தில. மின்சாரத்துக்குத் தண்ணி திறக்கத் திறக்க மட்டம் இறங்கும். மேல கட்டி நிக்கும், கீழ வெறுமை. கரையோரம் கட்டி வெடிச்சுச் சரிஞ்சு கிடக்கும். தடிப்பு இருக்கெண்டு நம்பி ஏறினால் தாங்க ஒண்டும் கீழ இல்லை.

வெளிச்சம்: வெண்பனிக்கு +1.3 தொடக்கம் +2. வெண்பனி இல்லாத கறுத்த கட்டிக்கு 0, கூட்டவே வேண்டாம். குமிழுக்கு 14 தொடக்கம் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 11, கிட்டக் குமிழ் 30, 40 செ.மீ. தூரத்தில. அவ்வளவு கிட்டவும் தூர மலையும் ஒரே படத்தில கூராக வராது. ஃபோகஸை மாத்தி 3 தொடக்கம் 5 படம் எடுத்துப் பிறகு அடுக்குங்கோ.

மின்கலம்: -20 பாகையில கொள்ளளவு பாதிக்குக் கிட்டக் குறையும். மூண்டு நாலு கொண்டுபோய் உள்ச்சட்டைப் பையில உடம்போட வையுங்கோ. செத்தது எண்டு எடுத்ததைச் சூடாக்கினால் திரும்ப இன்னும் கொஞ்சம் தரும், எறியாதேங்கோ. வீட்டுக்குத் திரும்பேக்கை, சிரட்டை சொன்னதின்ர மறுபக்கம்: குளிர்ந்த கமராவைச் சூடான வீட்டுக்குள்ள எடுக்கிறது. வெளியிலேயே ஸிப் (zip) பூட்டுப் பையில போட்டு இறுக்க மூடி, உள்ளுக்கு ரெண்டு மணித்தியாலம் திறக்காமல் விடுங்கோ. மெமரி கார்ட்டை மட்டும் வெளியிலேயே கழட்டி எடுங்கோ, அந்த ரெண்டு மணித்தியாலம் பொறுக்க ஏலாதெல்லோ.

#10 பட்டமரம்

உறைஞ்ச வாவியில ஆள் நடக்க 2 அங்குலம் காணும் எண்டு கேள்வி. சரியோ?

#11 பனிக்கரை

இல்லை, இல்லை. 2 அங்குலத்தில ஏறவே கூடாது. புதிசா உறைஞ்ச தெளிந்த கட்டி எண்டால் ஆள் நடக்கக் குறைஞ்சது 4 அங்குலம், 10 செ.மீ. வெள்ளையா, பால் மாதிரி இருந்தால் அதுக்குப் பலம் அரைவாசி, ஆகவே இரட்டிப்புத் தடிப்பு வேணும். ஒரு இடத்தில அளந்துபோட்டு முழு வாவிக்கும் அதுதான் எண்டு நினைக்கவும் கூடாது. ஆறு வந்து விழுற வாய், வெளியேறுற வாய், பாலத்தடி, நாணல் முளைச்ச இடம், இதெல்லாம் மெல்லிசு. துரப்பணத்தால ஓட்டை போட்டு அளந்து அளந்து போங்கோ. குத்தூசிச் சோடியை (விழுந்தால் கட்டியில குத்தி ஏறுறதுக்கு) கழுத்தில தொங்கவிடுங்கோ, பைக்குள்ள வைச்சால் பிரயோசனமில்லை. சப்பாத்துக்கு முள்ளுக்கட்டு, ஒரு கயிறு, தனியப் போறதில்லை.

விழுந்தால் 1-10-1 எண்டு இஞ்சை சொல்லிக்குடுக்கினம். முதல் 1 நிமிசம் மூச்சை அடக்க, அதுக்குள்ள பதறாதேங்கோ. பிறகு 10 நிமிசம்தான் கைகால் சொன்னது கேட்கும். அறிவு தப்ப 1 மணித்தியாலம் இருக்கு. வந்த பக்கம் திரும்புங்கோ, அந்தக் கட்டிதான் உங்களைத் தாங்கினது. காலை உதைச்சுக் கிடையா ஏறி, எழும்பாமல் உருண்டு வாங்கோ.

#12 அலைகரை

இதுக்கு எங்கடை பக்கத்துப் பதிப்பு பொருக்கு. மட்டம் இறங்கின அலைகரையில மேல் சேறு காஞ்சு வெடிச்சுப் பாளம் பாளமாக் கிடக்கும், நடக்கலாம் போல இருக்கும். விளிம்பு மேல வளைஞ்சு, அடிப்பக்கம் வெளிறிக் காஞ்சிருந்தால் நடக்கலாம். பாளம் தட்டையா, வெடிப்புக்குள்ள கறுப்பு ஈரம் மினுங்கினால் அடியில சுரி. தடியால குத்திப் பாருங்கோ, ஒரு சாணுக்கு மேல இறங்கினால் திரும்புங்கோ. இடுப்பு வரை போனால் ஆளை இழுக்கலாம், கமராவை இழுக்கேலாது.

#13 கூழைக்கடா

பாதுகாப்பு எண்டு வந்ததால, ஒரு மூச்சில:

யானை. முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான், வவுனியா வடக்குப் பக்கம் விடியப்புறம் குளத்தில தண்ணி குடிச்சுக் காட்டுக்குத் திரும்பிற நேரமும் நீங்கள் கட்டுக்கு வாற நேரமும் ஒண்டு. புகாரில 30 யாரில நிக்கிறது தெரியாது. ஊர் ஆக்களிட்டை முதல் நாள் கேளுங்கோ, புதிய இலத்தி கண்டால் அந்தப் பக்கம் வேண்டாம். முதலை: குளத்தோரம் படுத்து எடுக்க முந்தி ரோச் அடிச்சுத் தண்ணியைப் பாருங்கோ, கண் மினுங்கும். கட்டுப் புல்லில புடையன் கிடக்கும், முழங்கால் வரை சப்பாத்து. மிதிவெடி: சிவப்பு எச்சரிக்கைப் பலகை நிக்கிற காணிக்குள்ள "ஒரு படம்தானே" எண்டு காலே வைக்கவேண்டாம். ஊர் ஆக்கள் நடந்து தேஞ்ச பாதையை விட்டு இறங்கவேண்டாம். காலில புண்ணோட வயல் தண்ணியில இறங்காதேங்கோ, எலிக்காய்ச்சல். மாரியில அடிக்கடி இறங்கிறவை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கோ.

அனுமதி: சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015 தொடக்கம் தேசியப் பூங்கா, வங்காலை 2008 தொடக்கம் சரணாலயம், 2010இல ராம்சார் தலம் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம்). இதுகளுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின்ர விதி. ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின்ர அனுமதி முதல், பிறகுதான் மற்றது. படை முகாம் பக்கம் லென்ஸையே திருப்பாதேங்கோ.

#14 புதுக்கமரா

போலரைசர் (லென்ஸில மாட்டுற வடிகட்டி) வாங்கலாமோ? தண்ணிக்கு அதுதான் எண்டு கடையில சொல்லுகினம்.

#15 விளிம்பு

எதுக்கெண்டு தெரிஞ்சால் வாங்குங்கோ. அது தண்ணியின்ர மினுக்கத்தை வெட்டும். தண்ணி முகத்தில இருந்து 37 பாகை அளவு சரிவாப் பாக்கேக்கைதான் ஆகக் கூட வெட்டும், நேரே மேல இருந்து பாத்தால் ஒண்டும் செய்யாது. தாமரை இலைக்கடியைக் காட்ட, அல்லது பனிக்கரை சொன்ன கட்டிக்குள்ள குமிழைக் காட்ட அது வேணும். பிம்பம் எடுக்கப் போறவருக்கு எதிரி, நீங்கள் எடுக்க வந்ததையே அழிச்சுப்போடும். 24 மி.மீ.க்கு அகலமான லென்ஸில வானத்தின்ர ஒரு பக்கம் கறுத்து மற்றப் பக்கம் வெளிறி வரும். ஒண்டரை ஸ்ரொப் அளவு வெளிச்சமும் தின்னும் (ஒரு ஸ்ரொப் எண்டால் வெளிச்சம் அரைவாசி). பனி விடியலுக்கு நான் பையில இருந்து எடுக்கவே சொல்லமாட்டன்.

#16 மருதநிழல்

குழுவில சேருறதுக்கு வருவம். பறவை எடுக்கிறவை முதல் போகவேண்டியது படக் கழகத்துக்கில்லை, கணக்கெடுப்புக்கு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 தொடக்கம் ஒவ்வொரு தையிலும் நடக்குது, எங்கடை பனிக்காலம் அதே மாசம். இலங்கையில ஃபீல்ட் ஓர்னிதோலஜி குரூப் (பறவை ஆய்வுக் குழு) 1976இல, கொழும்புப் பல்கலைக்கழகத்தோட தொடங்கினது. வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1894 தொடக்கம் இருக்கு. ஒருநாள் எண்ணிக்கைக்குக் கூடப் போனால், எந்தக் கரையில எந்த நேரம் எது நிக்கும் எண்டதை ஒரு வருசம் தனிய அலைஞ்சும் அறியேலாத அளவு அறியலாம்.

படக் குழுவுக்கு அனுப்பேக்கை 10, 15 படம் போதும், ஒரே நாரையின்ர பதினைஞ்சு கோணம் வேண்டாம். ரோ கோப்பை அழிக்காதேங்கோ, கேட்பினம். கூட்டையும் குஞ்சையும் அனுப்பவேண்டாம். இடத்தைக் "கிளிநொச்சி மாவட்டம்" எண்ட அளவில போடுங்கோ, வரைபடப் புள்ளி வேண்டாம். இன்னொருத்தற்றை படத்தை விமர்சிக்கேக்கை "சூப்பர்" எண்டதும் குறைதான், ஒண்டும் விளங்காது. எது, எங்கை, ஏன் எண்டு எழுதுங்கோ.

போட்டிக்கு: ஃபியாப் (சர்வதேசப் படக்கலைக் கூட்டமைப்பு), பிஎஸ்ஏ (அமெரிக்கப் படச் சங்கம்), ஆர்பிஎஸ் (பிரித்தானிய அரச படச் சங்கம்) மூண்டும் 2014இல ஒரே இயற்கை வரையறைக்கு உடன்பட்டவை. வெட்டிச் சுருக்கலாம், கறுப்பு வெள்ளை ஆக்கலாம், ஃபோகஸ் அடுக்கலாம். ஒண்டைச் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது. அகச்சிவப்பு கூடாது. மனிசர் செய்த பொருள் படத்தில இருக்கக்கூடாது.

#17 பட்டமரம்

மனிசர் செய்த பொருள் கூடாதெண்டால் வன்னியில ஒண்டும் எடுக்கேலாது. குளமே மனிசர் கட்டினதெல்லோ! பாலியாத்தை மறிச்சுத்தானே வவுனிக்குளம்?

#18 மருதநிழல்

நல்ல கேள்வி, இதில தடுக்கி விழுந்த படங்கள் கனக்க. விதி சொல்லுறது படத்தில தெரியிற பொருளைப் பற்றி. தண்ணி தண்ணிதான், ஆர் மறிச்சாலும். கட்டின்ர கல்வரிசை, துருசு, வள்ளம், வலைக்கம்பு, கரண்ட் கம்பி தெரிஞ்சால் பிரச்சினை. விலக்கு ஒண்டு இருக்கு: மனிசர் மாத்தின இடத்துக்குப் பழகின உயிரின்ர கதைக்கு அந்தப் பொருள் தேவையெண்டால் விடுவினம், அந்த வரையறையில நாரை, கூகை எண்டு உதாரணமே குடுத்திருந்தவை. அதால துருசுக் கைபிடியில மீன்கொத்தி இருந்து மீன் பாக்கிற படம் போகலாம். புகாருக்குள்ள வள்ளம் தள்ளுற படம் எவ்வளவு வடிவா இருந்தாலும் இயற்கைப் பிரிவுக்குப் போகாது. அதைப் பயணப் பிரிவுக்கோ திறந்த பிரிவுக்கோ அனுப்புங்கோ. வள்ளத்தை அழிச்சுப்போட்டு இயற்கைக்கு அனுப்பிறது ரெண்டு பிழை.

#19 பட்டமரம்

அப்ப வள்ளம்தான் வன்னிக் குளத்தின்ர உண்மை எண்டு நினைக்கிறவை இயற்கைப் பிரிவையே விடவேண்டியதுதான்.

#20 மருதநிழல்

விடலாம். பிரிவு நடுவருக்கு, குளம் எங்களுக்கு.

#21 புதுக்கமரா

சிரட்டை அண்ணை, கடைசி ஒண்டு. ட்ரைபொட் காலுக்குச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கிறதோ, நிமிர்த்தி வைக்கிறதோ?

#22 சிரட்டை

நிமிர்த்தி. கவிழ்த்து வைச்சால் குண்டுப் பக்கத்தில கால் வழுக்கும், எடுக்கேக்கை சேறு உறிஞ்சிப் பிடிக்கும். நிமிர்த்தி வைச்சு, காலைச் சரியா நடுக்குழியில விட்டு, கமரா பூட்ட முந்தி உங்கடை பாரத்தைப் போட்டு ஒருக்கால் அழுத்துங்கோ. தாழுறது முழுக்க அப்பவே தாழ்ந்து முடியட்டும். அகலமான சிரட்டையாப் பாத்து எடுங்கோ, தும்பைச் சுரண்டவேண்டாம், சேத்தில அதுதான் பிடி.